ஸ்கேன் செய்த வரைபடம் ஆட்டோகேடுக்குள் வரும்போது: கோட்டை நம்புவதா, எண்ணை நம்புவதா?

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கப் போகிற ஒருவர் பென் டிரைவோடு வருகிறார். அதில் ஒரே ஒரு பி.டி.எஃப். கோப்பு. 1980களில் அப்பா கட்டும்போது போட்ட பிளானைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். "இதை அப்படியே ஆட்டோகேட்ல மாத்திக் கொடுங்க சார், சுவர், ஜன்னல் எல்லாம் தெளிவா இருக்கு பாருங்க" என்கிறார். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோப்பை ஆட்டோகேட் என்ற அந்த வரைபட மென்பொருளுக்குள் கொண்டுவந்து ஒரு சுவரின் மேல் கிளிக் செய்தால், சுவர் மட்டும் தேர்வாவதில்லை. தாள் மொத்தமும், மூலையில் இருக்கும் டீக்கறை உட்பட, ஒரே துண்டாகத் தேர்வாகிறது.

கணினிக்கு அங்கே சுவர் என்று எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள். ஓர் ஏ0 தாளை, அதாவது 841-க்கு 1189 மில்லிமீட்டர் தாளை, 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம்) ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 14 கோடி பிக்சல்கள் வரும். வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத நிலையில் கோப்பு 400 எம்.பி.யைத் தாண்டும். அதே தாளில் உள்ள ஒரு சுவர்க்கோட்டை ஆட்டோகேட் எப்படி வைத்துக்கொள்கிறது? தொடங்கும் புள்ளியின் ஆயங்கள், முடியும் புள்ளியின் ஆயங்கள், எந்த லேயர் (படத்தின் எந்த அடுக்கு), என்ன நிறம். அவ்வளவுதான். வட்டம் என்றால் மையமும் ஆரமும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்தக் கோட்டுக்குத் தடிமன் கூடாது, ஓரம் பிசிறாது. அதன் நீளத்தைக் கேட்டால் எண்ணாகச் சொல்லும்.

இந்தப் புள்ளிக் குவியலிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போகும் வேலைக்குத் தொழிலில் 'ராஸ்டர் டு வெக்டர்' என்று பெயர். மென்பொருள் விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் போலிருக்கும். அழுத்தினால் ஏதோ ஒன்று வரவும் செய்யும். வருவது என்ன என்பதுதான் கேள்வி.

முதலில், வேலையே இல்லாமல் போகக்கூடிய ஒரு வாய்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பி.டி.எஃப். என்பதாலேயே அது ஸ்கேன் என்று ஆகிவிடாது. கோப்பைத் திறந்து ஒரு கோட்டை 6400 சதவீதம் வரை பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கத்தி போல் சுத்தமாக நின்றால் அது ஏதோ ஒரு கணினி வரைபட மென்பொருளிலிருந்து நேராக வந்த பி.டி.எஃப். படிக்கட்டு போலப் பிசிறினால் ஸ்கேன். முதல் வகையாக இருந்தால் ஆட்டோகேட் 2017 பதிப்பிலிருந்து இருக்கும் பி.டி.எஃப். இம்போர்ட் கட்டளையே கோடுகளைக் கோடுகளாகக் கொண்டுவந்துவிடும். எழுத்துகள் சில சமயம் சின்னச் சின்னக் கோடுகளாக உடைந்து வரும், அதற்கும் தனிக் கட்டளை உண்டு. ஒரு நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் இரண்டு நாள் உட்கார்ந்து மேலே வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஸ்கேன்தான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டியது, ஸ்கேன் ஆன தாள் எது?

பழைய தாள்களுக்கு ஒரு வரலாறு உண்டு. புளூபிரிண்ட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நீலத்தாள் முறையை 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். இரும்பு உப்புகள் தடவிய தாளின் மேல், ஒளி ஊடுருவும் ட்ரேசிங் தாளில் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும், கோடு விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீர். நனைந்து காய்ந்த தாள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவு சுருங்குவதும் இல்லை. பின்னால் வந்த அம்மோனியா பிரிண்ட்டில் தண்ணீர்த் தொட்டி கிடையாது, வெள்ளையில் நீலக்கோடு. ஆனால் வருடங்கள் போகப்போகத் தாள் மஞ்சளாகி, கோடு மங்கி, மடித்த இடத்தில் எழுத்தே காணாமல் போகும். நம் ஊர்ப் பழைய பிளான்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

தாள் அரை சதவீதம் சுருங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 841 மில்லிமீட்டரில் அது 4.2 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் வரைபடம் 1:100 அளவில் இருந்தால், அந்த 4.2 மில்லிமீட்டர் தரையில் 42 சென்டிமீட்டர். ஒரு சுவருக்கும் மேலான தடிமன் தாளுக்குள் தொலைந்துவிட்டது.

அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் தாளின் ஓரத்தில், "வரைபடத்தை அளந்து அளவு எடுக்கக் கூடாது, எழுதிய அளவையே பின்பற்ற வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். வழக்கமாக எழுதுகிற சடங்கு என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் மொத்த நுட்பமும் அந்த ஒரு வரிதான். தாளில் இருக்கும் கோடு, அளவு அல்ல. அளவு, பக்கத்தில் எழுதியிருக்கும் எண். கோடு அந்த எண்ணுக்குப் போட்ட படம். ஸ்கேனின் மேல் கோடு இழுத்து, அதன் நீளத்தைக் கணினியிடம் கேட்டு வாங்கும்போது, செய்யக் கூடாது என்று அந்த வரி சொன்னதைத்தான் நாம் எட்டுத் தசமத் துல்லியத்தில் செய்கிறோம்.

எண்தான் முக்கியம் என்றால், ஸ்கேன் முதலில் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். 300 டி.பி.ஐ.யில் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் பேனாக் கோட்டுக்கு மூன்று பிக்சல் கிடைக்கும், அது போதும். ஆனால் 0.13 மில்லிமீட்டர் பேனாவில் எழுதிய பொடி எழுத்துக்கு ஒன்றரைப் பிக்சல்தான். 3-ஆ 8-ஆ என்ற குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது. மங்கிய அம்மோனியா பிரிண்ட்டாக இருந்தால் 400 அல்லது 600-க்குப் போவதும், கறுப்பு-வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிறச் சாயல்களோடு எடுப்பதும் நல்லது. எது கோடு, எது கறை என்ற முடிவை ஸ்கேனர் அவசரமாக எடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. சாம்பல் நிறத்தில் இருந்தால் நாம் நிதானமாக எடுக்கலாம். ஜேபெக் கோப்பு வேண்டாம். அது போட்டோவுக்காக உருவான சுருக்கம், கூர்மையான கோட்டின் ஓரங்களில் கொசு மொய்த்தது போல் சாம்பல் புள்ளிகளைத் தூவிவிடும். டிஃப் கோப்பு கேளுங்கள். போனில் எடுத்த படம் என்றால், தாள் சமதளமாக இருந்தவரை நாலு மூலைகளை வைத்துச் சாய்வைத் திருத்திவிடலாம். மடிப்போடு மேடுபள்ளமாக இருந்த தாளை யாராலும் திருத்த முடியாது.

ஸ்கேனரே எண்ணை மாற்றிவிடுமா? மாற்றியிருக்கிறது. 2013-இல் ஜெர்மனியில் நடந்தது. டேவிட் கிரீசல் என்ற கணினி அறிவியலாளரிடம் ஒரு நிறுவனம் விசித்திரமான புகாரோடு வந்தது. ஒரு கட்டட வரைபடத்தை அவர்களுடைய இயந்திரத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மூலத்தாளில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்று அறைகளுக்கும் 14.13. அறைகளின் உருவம் பெரிதும் சிறிதுமாக அப்படியே இருக்கிறது, எண் மட்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. மங்கலாகவோ கிறுக்கலாகவோ இல்லை, பளிச்சென்று அச்சடித்தது போல் தப்பாக இருந்தது.

இயந்திரம் ஜெராக்ஸ் நிறுவனத்துடையது, நம் ஊரில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ். காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை. ஒரே மாதிரி தெரியும் சின்ன உருவங்களைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் சேமித்துவைத்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும். கோப்பு சிறியதாகும். ஆனால் தாளில் பொடி எழுத்துகள் இருக்கும்போது 21.11-உம் 14.13-உம் அதன் கண்ணுக்கு ஒன்றுபோல் பட்டுவிட்டது. எழுத்தைப் படித்து அடையாளம் காணும் வசதிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது அணைத்தே இருந்தது. கிரீசல் இதை வெளியிட்ட பிறகு ஜெராக்ஸ் திருத்தம் வெளியிட்டது. வரைபட வேலை செய்கிறவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது: கோப்பு அளவைக் குறைக்க ஆசைப்பட்டு ஸ்கேனரின் அதிகபட்சச் சுருக்கத்தைப் போடாதீர்கள். மூலத்தாள் கையில் இருக்கும்போதே நாலைந்து எண்களைப் படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

ஸ்கேன் வந்தபின் சுத்தம் செய்யும் வேலை. சாய்ந்திருந்தால் நிமிர்த்துவது, தூசிப் புள்ளிகளை அழிப்பது, புளூபிரிண்ட் என்றால் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவது. ஆட்டோகேடுக்கு ராஸ்டர் டிசைன் என்றொரு துணை மென்பொருள் உண்டு, 2019-இலிருந்து ஆட்டோகேட் சந்தாவுக்குள்ளேயே வருகிறது. இவை எல்லாம் அதில் இருக்கின்றன. தூசி அழிக்கும் கட்டளையில் மட்டும் கை கொஞ்சம் நடுங்கட்டும். இத்தனை பிக்சலுக்குக் குறைவான புள்ளியை எல்லாம் அழி என்று சொல்கிறோம். 0.3 மில்லிமீட்டர் தசமப்புள்ளி 300 டி.பி.ஐ.யில் குறுக்கே மூன்றரைப் பிக்சல், மொத்தமாகப் பன்னிரண்டு பிக்சல் இருந்தால் அதிகம். தூசியும் அதே அளவுதான். தாள் பளபளவென்று ஆகிவிடும், 2.75 மீட்டர் 275 ஆகியிருக்கும். மீட்டர் என்றால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இயந்திர உறுப்பின் வரைபடத்தில் 12.5 மில்லிமீட்டர் துளை 125 ஆனாலும் கண்ணில் படும். ஆனால் 0.05 என்ற டாலரன்ஸ் எண்ணில், அதாவது அனுமதிக்கும் பிழையின் அளவில், புள்ளி போனால், கவனிக்கிறவர் கவனித்தால்தான் உண்டு.

அடுத்தது படத்தை உண்மையான அளவுக்குக் கொண்டுவருவது. பழக்கமான வழி, எழுதிய அளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் கொடுத்து, இந்தத் தூரம் இத்தனை என்று சொல்லிவிடுவது. செய்யலாம், ஆனால் சமையலறையின் 8 அடியை வைத்துச் செய்யாமல், இருப்பதிலேயே நீளமான அளவை வைத்துச் செய்யுங்கள். ஒரு பிக்சல் தவறினால் அந்தத் தவறு நீளம் முழுக்கப் பரவி மெலிந்துவிடும். அப்புறம் குறுக்குவாக்கில் இன்னொரு நீளமான அளவை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பெரிய தாள்களை உருளையில் இழுத்து ஸ்கேன் செய்யும் இயந்திரங்களில், தாள் நழுவினால் இழுக்கும் திசையில் மட்டும் படம் நீளும் அல்லது குறுகும். எக்ஸ் சரியாக இருக்கும், ஒய் தப்பாக இருக்கும். அப்போது படத்தை ஒரு பிளாக்காக, அதாவது ஒரே பொருளாக நடத்தும் தொகுப்பாக, மாற்றி எக்ஸுக்கும் ஒய்க்கும் தனித்தனி அளவு கொடுத்துவிடலாம்.

இதையும் தாண்டிக் கோணல் இருந்தால் ரப்பர் ஷீட்டிங். பெயரே சொல்வது போல், படத்தை ரப்பர் துணியாக நினைத்து, தெரிந்த புள்ளிகளில் ஆணி அடித்து இழுப்பது. நிலப்படங்களுக்கு இது தவிர்க்க முடியாதது. க்யூஜிஸ் என்ற இலவச மென்பொருளிலும் இந்த வசதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் ஆணி அடித்த எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும். பார்த்தவுடன் சந்தோஷமாக இருக்கும். அந்த முறை எந்தப் புள்ளியையும் விட்டுக்கொடுக்காமல் இழுத்துச் சேர்ப்பது என்பதால் வந்த பூஜ்யம் அது. நீங்கள் ஒரு புள்ளியைத் தப்பாகக் கொடுத்திருந்தாலும் பூஜ்யம்தான் வரும், சுற்றியிருக்கும் படம் அந்தத் தப்புக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். படத்தை வளைக்காமல் நீட்டிச் சாய்த்து மட்டும் பொருத்தும் எளிய முதல்படி முறையில் நாலைந்து புள்ளி அதிகமாகக் கொடுத்து, எந்தப் புள்ளியில் பிழை துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பது மேல். துருத்தும் புள்ளிதான் உங்களுக்குத் தகவல் தருகிறது. கட்டட பிளான்களுக்கு ரப்பர் ஷீட்டிங் பக்கமே போகாதீர்கள் என்பது என் கட்சி. சுவர்கள் நேர், மூலைகள் செங்கோணம் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டால் போயிற்று.

இனி அந்தப் பொத்தானுக்கு வருவோம். தானாக வெக்டராக்கும் மென்பொருள்கள் உள்ளே செய்வது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் சாம்பல் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை சாம்பல் சாயல்களின் பரவலைப் பார்த்து முடிவு செய்யும் ஓட்சு முறை 1979-இல் வந்தது. பிறகு மூன்று நாலு பிக்சல் தடிமனுள்ள கோட்டை இரண்டு பக்கமும் சுரண்டிச் சுரண்டி ஒற்றைப் பிக்சல் எலும்பாக்குவது, இதற்கு 1984-இன் ஜாங்-சூயன் முறை பிரபலம். அந்த எலும்பைப் பிடித்துக்கொண்டு பிக்சல் பிக்சலாக நடந்து, துண்டுகள் தொடர்ந்து சேர்ந்த ஒரு பாலிலைனாக்குவது. அதில் ஆயிரம் முனைகள் இருக்கும் என்பதால் தேவையில்லாத முனைகளைக் கழிப்பது, 1973-இன் டக்ளஸ்-பொய்க்கர் முறை இன்றும் அதைச் செய்கிறது. கடைசியாக, இது நேர்க்கோடா, வட்டமா, வில்லா என்று ஊகிப்பது. புள்ளிக் கூட்டத்துக்குள் நேர்க்கோடு கண்டுபிடிக்கும் ஹஃப் உருமாற்றம், துகள் இயற்பியலில் குமிழி அறைப் புகைப்படங்களில் துகள்களின் தடத்தைத் தேட உருவானது. பால் ஹஃப் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1962-இல். ஒவ்வொன்றும் அருமையான கணிதம், குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் சுரண்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுவர் ஒன்று மற்றொன்றில் முட்டும் இடத்தில் கறுப்புப் பரப்பு கொஞ்சம் பெருத்திருக்கும். எலும்பு அந்தப் பெருத்த இடத்தின் நடுவுக்கு இழுக்கப்படும். அதனால் நேராகப் போக வேண்டிய கோடு ஒவ்வொரு முட்டுச்சந்திலும் லேசாக முழங்கால் மடக்கும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு வெட்டுப்புள்ளிக்குப் பதிலாக அருகருகே இரண்டு கவட்டைகள் வரும். மையக்கோட்டின் விட்டுவிட்டு வரும் துண்டுகள் முப்பது தனித்தனிக் கோடுகளாகும், அவை ஒரே கோடு என்று மென்பொருளுக்குத் தெரியாது. வட்டம் நாற்பது துண்டாகும். அளவு எழுதிய '4', சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கட்டட உறுப்பாகிவிடும். சில மென்பொருள்கள் நடுக்கோட்டை எடுக்காமல் கறுப்பின் விளிம்பை மட்டும் எடுக்கும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்புக்குள் இருக்கும் போட்ரேஸ் அப்படிப்பட்டது. லோகோவுக்கும் கோலத்துக்கும் அது அற்புதம். பிளானுக்குப் போட்டால் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக வந்து நிற்கும், சுவருக்கே நாலு கோடு.

இதை எல்லாம் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், புதிதாக வரைவதைவிட அதிக நேரம் போகும். தானியங்கி முறை எங்கேயும் உதவாது என்று சொல்லவில்லை. மலைப்பகுதியின் சமஉயரக் கோடுகள், ஆற்றின் கரை, கணினி இயக்கும் செதுக்கு இயந்திரமான சி.என்.சி. ரவுட்டரில் கதவுக்குச் செதுக்கப் போகும் கொடிவேலைப்பாடு போன்றவற்றில் பக்கத்தில் எண் எழுதியிருக்காது. கோட்டின் வளைவேதான் அங்கே தகவல். அரை மில்லிமீட்டர் அங்கே இங்கே ஆனாலும் குடி முழுகாது. அங்கே பொத்தானை அழுத்துங்கள், அல்லது ராஸ்டர் டிசைனில் இருக்கிற மாதிரி, நீங்கள் ஒரு முனையைத் தொட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, சந்திப்பு வந்தால் நின்று உங்களிடம் வழி கேட்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். சமஉயரக் கோட்டுக்கு உயரத்தையும் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு வழி, மாற்றாமலே விடுவது. ஒரு தொழிற்சாலையில் ஐயாயிரம் பழைய தாள்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றில் ஒரு குழாயின் இடம் மாறியிருக்கிறது. அதற்காகத் தாள் முழுவதையும் வெக்டராக்க வேண்டுமா? ஸ்கேனைப் பின்னணியாக வைத்து, பழைய குழாய் இருந்த பிக்சல்களை மட்டும் அழித்து, அந்த இடத்தில் புதுக் குழாயை உண்மையான கோடாக வரைந்தால் போதும். கலப்பு வரைபடம் என்பார்கள். ராஸ்டர் டிசைனில் படத்தில் இருக்கும் கோட்டையே தொட்டு நகர்த்தலாம், அழிக்கலாம். அது இல்லையென்றால் சாதாரண ஆட்டோகேடின் வைப்அவுட் என்ற மறைப்பை வைத்து மறைத்துவிட்டு மேலே வரையலாம். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் வரையாத இடத்தில் புதுத் தப்பு நுழையவும் வழியில்லை. என் கணக்கில் வரும் வேலைகளில் பாதிக்கு இதுவே போதும். வாடிக்கையாளருக்கு அதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

மீதிப் பாதிக்கு மறுபடி வரைவதுதான் வழி. மேலே வரைவது வேறு, மறுபடி வரைவது வேறு. மேலே வரைகிறவர் ஸ்கேனின் மேல் மவுஸை வைத்து மூலைக்கு மூலை கிளிக் செய்துகொண்டு போவார். 10 அடி அறை 9 அடி பதினொன்றே முக்கால் அங்குலமாக வரும். அளவுக்கோடு போட்டால் ஆட்டோகேட் உண்மையைச் சொல்லிவிடும். உடனே அவர் என்ன செய்வார் தெரியுமா? அளவுக்கோட்டின் எழுத்தை மட்டும் தட்டி 10 அடி என்று எழுதிவிடுவார். கோடு ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும். பழைய தாளிலாவது, எண்ணை நம்பு என்று ஓரத்தில் ஒரு வரி இருந்தது. கணினிக் கோப்பில் கோட்டைத்தான் எல்லோரும் நம்புவார்கள். அடுத்து வருகிறவர் அதன் மேல்தான் கம்பி கணக்குப் போடுவார்.

மறுபடி வரைகிறவர் ஸ்கேனைப் பூட்டிய லேயரில் மங்கலாக வைத்துவிட்டு, 10 அடி என்று தட்டச்சு செய்வார். ஸ்கேன் அவருக்கு வழிகாட்டி மட்டும். இப்படிச் செய்யும்போதுதான் பழைய தாளின் குட்டு உடைபடும். பென் டிரைவில் வந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் இடமிருந்து வலம்: வெளிச்சுவர் 9 அங்குலம், அறை 10 அடி, நாலரை அங்குலச் சுவர், ஹால் 12 அடி, இன்னொரு நாலரை அங்குலம், அறை 10 அடி 6 அங்குலம், வெளிச்சுவர் 9 அங்குலம். கூட்டினால் 34 அடி 9 அங்குலம். கீழே மொத்த அளவு என்று எழுதியிருப்பது 34 அடி 6 அங்குலம். மூன்று அங்குலத்தைக் காணோம்.

ஸ்கேனை அளந்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு அங்குலத்துக்கு 8 அடி என்ற அளவில் வரைந்த தாளில் 3 அங்குலம் என்பது முப்பதில் ஒரு பங்கு அங்குலம்கூட இல்லை, தாளின் சுருக்கமும் கோட்டின் தடிமனும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அளக்க வேண்டும். ஒருவேளை வரைந்தவர் கூட்டலில் தவறியிருக்கலாம். ஒருவேளை வலதுபக்க அறையைப் பத்தே கால் அடியாகக் கட்டியிருக்கலாம். மேலே வரைந்தவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது, ஏனென்றால் கிளிக் செய்த கோடுகள் எப்போதும் எப்படியாவது சேர்ந்துவிடும். தட்டச்சு செய்த எண்கள்தான் சேராமல் முரண்டு பிடிக்கும்.

வார்ப்பட வேலையிலும் இதே கதைதான். கோவைப் பட்டறைகளில் பழைய பேட்டர்ன் (வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மாதிரி) வரைபடங்களைக் கணினிக்குக் கொண்டுவரும்போது, அந்தத் தாள் வார்ப்புக்கு வரைந்ததா, பேட்டர்னுக்கு வரைந்ததா என்று கேட்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள், அதற்கென்றே நீட்டிய அளவுகோல் வைத்திருப்பார்கள். கோட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தலைப்புப் பெட்டியைப் படித்தால் தெரியலாம், இல்லையென்றால் பேட்டர்ன் செய்தவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு போவது என்ற இந்த யோசனையை, நாம் எல்லோரும் எப்போதாவது கையில் வாங்கும் ஒரு வரைபடம் அழகாகக் காட்டுகிறது: எஃப்.எம்.பி. என்று சொல்லும் நில அளவைப் புலப்படம். பத்திரத்துக்கும் எல்லைத் தகராறுக்கும் வருவாய்த் துறையிலிருந்து வாங்குவோமே, அதுதான். சென்னை மாகாண காலத்திலிருந்து வரும் முறை இது. எட்மண்ட் கன்ட்டர் (Gunter) என்ற ஆங்கிலேயரின் பெயரில் வழங்கும் அளவைச் சங்கிலியை வைத்து அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நாம் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்ற கோணல் எண் இந்தச் சங்கிலி போட்ட கணக்குதான்.

வயலை முதலில் முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். முக்கோணத்தின் பக்கங்கள் ஜி லைன். வரப்பு நேராக இருக்காது என்பதால், ஜி லைனில் நடந்துகொண்டே போய், வரப்பு வளையும் இடத்துக்கு நேராக நின்று, அங்கிருந்து செங்குத்தாக வரப்புக்கு எவ்வளவு தூரம் என்று ஆஃப்செட் எடுப்பார்கள். "இங்கிருந்து இவ்வளவு தூரத்தில், இடப்பக்கம் இவ்வளவு" என்று ஏணிப்படி போலக் குறித்துக்கொண்டு போவதால் அதற்கு லேடர் என்றே பெயர். படம் அந்த எண்களிலிருந்து பிறகு போட்டது.

இப்படிப்பட்ட படத்தை ஸ்கேன் செய்து மேலே கோடு இழுத்தால் என்ன ஆகும்? 1:2000 அளவில் கால் மில்லிமீட்டர் கோட்டின் தடிமனே தரையில் அரை மீட்டர். கோட்டின் இந்த ஓரமா அந்த ஓரமா என்பதில் ஒரு வேலித் தகராறே அடங்கிவிடும். புலப்படங்களைக் கணினிமயமாக்கத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள் அதனால்தான் வேறு வழியில் போனது. ஸ்கேனின் மேல் கோடு இழுக்கச் சொல்லாமல், ஜி லைன் நீளங்களையும் லேடர் எண்களையும் உள்ளிடச் சொன்னது. முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான். எண்களிலிருந்து மென்பொருளே வயலை வரையும். வரும் பரப்பை, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் உள்ள பரப்போடு ஒப்பிட்டால், எங்கே எண் தப்பாக ஏறியது என்று பிடிபடும். பக்கத்துப் பக்கத்து வயல்களைச் சேர்த்து வைத்தால் இடைவெளியும் மேற்படிவும் தெரியவரும். தாளில் தனித்தனிப் பக்கமாக இருந்தவரை அவை சண்டை போட்டதே இல்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் எஃப்.எம்.பி.யை ஆட்டோகேடில் போட்டுப் பார்க்க விரும்பினால் இதையேதான் செய்ய வேண்டும். படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், ஒரு ஜி லைனை எழுதிய நீளத்துக்கு வரையுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் மற்ற இரண்டு பக்கங்களை ஆரமாக வைத்து வட்டம் போடுங்கள். வட்டங்கள் வெட்டும் இடம் மூன்றாவது மூலை. பள்ளிக்கூடத்தில் காம்பஸை வைத்துச் செய்தது. வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும், எந்தப் பக்கத்து வெட்டு என்று சொல்வதற்கு மட்டும் ஸ்கேன் தேவை. பிறகு ஆஃப்செட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி முனைகளைச் சேர்த்தால் வரப்பு வந்துவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது இதையெல்லாம் செய்துவிடாதா என்று கேட்கிறார்கள். சுவர் எது, கதவு எது, எழுத்து எது என்று பிரித்துப் பார்ப்பதில் பழைய எலும்பாக்கும் முறையைவிட அது கெட்டி. கையெழுத்து எண்களையும் பெரும்பாலும் படித்துவிடுகிறது. சந்தேகமான இடத்தில் '1 அல்லது 7' என்று தயங்கி நிற்காமல் ஒன்றைத் துணிந்து எழுதிவிடும்போதுதான் எனக்கு ஜேபிக்2 ஞாபகம் வருகிறது. படித்த எண்களை எல்லாம் கூட்டிப் பார்த்து, மொத்தத்தோடு சேரவில்லை என்று கொடி காட்டும் கருவி ஒன்று கைக்கு வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

பென் டிரைவ்காரரின் கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஸ்கேனைத் தூக்கி எறியாமல் ஒரு தனி லேயரில் பூட்டி உள்ளேயே வைத்துக் கொடுப்பது என் வழக்கம். ஆளில்லாத நேரத்தில் யாராவது திறந்தால் மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். நேரில் அளந்த அளவுகள் ஒரு நிறம், தாளிலிருந்து எடுத்தவை வேறு நிறம். முன்பக்கச் சுவரின் கீழே, மொத்த அளவுக்குப் பக்கத்தில், "பழைய பிளானில் 34 அடி 6 அங்குலம், அறைகளைக் கூட்டினால் 34 அடி 9 அங்குலம், இடத்தில் அளந்தது இவ்வளவு" என்று ஒரு குறிப்பு. அவர் அதைக் கவனிக்கப் போவதில்லை. மேல்மாடிக்குத் தூண் குறிக்க வரும் இன்ஜினியர் முதலில் தேடுவது அதைத்தான்.